திருவனந்தபுரத்துக்கு ஓட்டுப் போட்ட செங்கோட்டை
தென்காசிச் சீமையின் தேர்தல் கதை

குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் போகாத குடும்பம் நம்மில் அபூர்வம். ஆனி பிறந்து, மேற்கே மலை கறுத்து, தென்காசித் தெருவில் பூத்தூறல் விழ ஆரம்பித்துவிட்டால் போதும்; எண்ணெய்க் கிண்ணமும் ஈரத் துண்டுமாக ஜனங்கள் அருவியை நோக்கிப் புறப்பட்டுவிடுவார்கள். குளித்து முடித்து, பசி எடுத்து, வயிறாரச் சாப்பிட்ட பிறகு, "அப்படியே செங்கோட்டை வரை போய் வருவோமே" என்று யாராவது ஒருவர் சொல்வார். நாலைந்து மைல்தான். வழியெல்லாம் வயலும் தென்னந்தோப்பும்.

அப்படிப் போகிறவர்கள் செங்கோட்டையில் ஒரு பழைய அலங்கார வளைவைப் பார்த்திருக்கலாம். அதன் நெற்றியில் திருவாங்கூர் சமஸ்தானத்தின் சங்கு முத்திரை இருக்கிறது. கூட வந்த குழந்தைகள், "இங்கே ஏன் மலையாளத்து மகாராஜாவின் முத்திரை?" என்று கேட்டால் பெரியவர்களில் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் புறப்பட்டால் அது ஒரு தேர்தல் கதையில் போய் முடிகிறது. செங்கோட்டை என்று ஒரு சட்டசபைத் தொகுதி இருந்தது. அந்தத் தொகுதியின் மெம்பர் சென்னைக்குப் போகவில்லை. மலையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போனார்!

அண்ணன் ஒரு ராஜ்யம், தங்கை ஒரு ராஜ்யம்

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே உள்ள தூரம் ஒரு நாழிகை நேர வண்டிப் பயணம். இரு ஊரிலும் ஒரே பேச்சு, ஒரே சாப்பாடு, ஒரே சாமி. பெண் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு. ஆனால் தென்காசி பிரிட்டிஷ் இந்தியாவின் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. செங்கோட்டை திருவாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. கொட்டாரக்கரையைத் தலைநகராகக் கொண்ட இளையிடத்து ஸ்வரூபம் என்ற சிறு ராஜ்யத்தோடு சேர்ந்திருந்த ஊர் இது. 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா அந்த ராஜ்யத்தைத் திருவாங்கூரோடு சேர்த்துக்கொண்டபோது, மலைக்கு இப்பாலிருந்த செங்கோட்டையும் கூடவே போயிற்று.

இதனால் நேர்ந்த விசித்திரங்களை நினைத்தால் இன்று சிரிப்பு வரும். தென்காசிச் சந்தையில் அணாவும் பைசாவும். செங்கோட்டைக் கடையில் சக்கரமும் பணமும். திருவாங்கூர்க் கணக்கில் 4 சக்கரம் ஒரு பணம்; 28 சக்கரம் ஒரு திருவாங்கூர் ரூபாய். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம் கொடுக்க வேண்டும். சந்தைக்குப் போகிற பாட்டிமார் இந்த அரைச் சக்கரக் கணக்கை விரலிலேயே போட்டார்கள் என்றால், பள்ளிக்கூடம் போகாதவர்களுக்குக் கணக்கு வராது என்று யார் சொல்ல முடியும்?

கடுதாசி போடுவதிலும் இரண்டு வழி. சமஸ்தானத்துக்கென்று 'அஞ்சல்' என்ற தனித் தபால் இலாகா இருந்தது. 1951-இல்தான் அது இந்தியத் தபால் இலாகாவோடு ஒன்றாயிற்று. எல்லையில் சுங்கச் சாவடி வேறு. செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டபோது, அவர் பிரிட்டிஷ் பிரஜையாகப் பிறந்தவர் அல்லர். திருவாங்கூர் சமஸ்தானத்துப் பிரஜை. அந்தச் சமஸ்தானத்தின் காட்டிலாகாவில்தான் அவருக்கு உத்தியோகமும்.

செங்கோட்டையில் அண்ணனும் தென்காசியில் வாழ்க்கைப்பட்ட தங்கையும் இருக்கிற ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தீபாவளிச் சீர் கொண்டு போகிற அண்ணன் எல்லை தாண்டிப் போகிறான். சுதந்திரம் வந்த பிறகாவது இந்த வேலி போகும் என்று அவன் நினைத்திருப்பான். போகவில்லை. 1949 ஜூலை முதல் தேதி திருவாங்கூரும் கொச்சியும் இணைந்து திருவாங்கூர்-கொச்சி ராஜ்யம் ஆயிற்று. செங்கோட்டை அதிலேயே தங்கிவிட்டது. கொல்லம் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு தாலுகா அது.

இந்தியாவுக்கு முன்னே ஓட்டு

ஒரு விஷயத்தில் மட்டும் செங்கோட்டைக்காரர்கள் தென்காசிக்காரர்களை முந்திக்கொண்டார்கள். 1948-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவாங்கூரில் வயது வந்தோர் எல்லாருக்கும் ஓட்டுரிமை கொடுத்துத் தேர்தல் நடத்தினார்கள். சொத்து இருக்க வேண்டும், வரி கட்ட வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. அப்போது தென்காசியில் இருந்த கூலித் தொழிலாளிக்கு ஓட்டுக் கிடையாது. சென்னை மாகாணத்தில் 1946-இல் நடந்த தேர்தல், சொத்தும் படிப்பும் பார்த்து ஓட்டுக் கொடுத்த பழைய முறைத் தேர்தல்தான். ஆகவே செங்கோட்டை அண்ணன் ஓட்டுப் போட்டுச் சுமார் நாலு வருஷம் கழித்துத்தான் தென்காசித் தங்கைக்கு ஓட்டு வந்தது.

அந்த 1948 தேர்தலில் ஒரு புதுக் கட்சியின் பெயர் அடிபட்டது. அதுதான் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். சமஸ்தானத்தில் தமிழர் வாழும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்பது அதன் ஒரே கோரிக்கை. நாகர்கோவில் வக்கீல் ஏ. நேசமணி அதன் தலைவராக விளங்கினார். 'மார்ஷல் நேசமணி' என்று பிற்காலத்தில் எல்லாரும் அழைத்தது இவரைத்தான். தமிழ்ப் பகுதியில் 14 ஸ்தானங்கள் அந்தக் கட்சிக்குக் கிடைத்தன.

1951-52-இல் நாடெங்கும் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. தென்காசி, சென்னைச் சட்டசபைக்கு மெம்பரைத் தேர்ந்தெடுத்தது. சென்னை ராஜ்யத்தில் மொத்தம் 375 ஸ்தானங்கள். செங்கோட்டையோ, 108 ஸ்தானங்கள் கொண்ட திருவாங்கூர்-கொச்சிச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தது. அங்கே தமிழ்நாடு காங்கிரசுக்கு 8 ஸ்தானங்கள். 1954-இல் மறுபடியும் அந்த ராஜ்யத்தில் தேர்தல். இந்தத் தடவை 117-இல் 12. தென்காசிக்காரர் 1952-க்கும் 1957-க்கும் இடையே சட்டசபை ஓட்டுச் சாவடியை எட்டிப் பார்க்கவில்லை. செங்கோட்டைக்காரரோ அதற்குள் இன்னொரு தடவை ஓட்டுப் போட்டுவிட்டார். மந்திரிசபை நிலைக்காத ராஜ்யத்தில் குடியிருந்ததன் பலன் அது.

மாட்டுக்கு ஒரு பெட்டி, மரத்துக்கு ஒரு பெட்டி

அந்தக் காலத்து ஓட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்குப் பொத்தானை அழுத்தினால் 'பீ' என்று சத்தம் வருவதுதான் தேர்தல்.

1952-இலும் 1957-இலும் ஓட்டுச் சீட்டில் அபேட்சகர் பெயரும் கிடையாது, சின்னமும் கிடையாது. சீட்டு ஒரு ரூபாய் நோட்டு அளவில் இருக்கும். அதை வாங்கிக்கொண்டு திரைமறைவுக்குப் போனால், அங்கே வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒரு பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. சோஷலிஸ்டுகளுக்கு ஆலமரம். கம்யூனிஸ்டுகளுக்குக் கதிர் அரிவாள். எந்தப் பெட்டி பிடித்ததோ அதில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். முத்திரை குத்த வேண்டியதில்லை. கையெழுத்தும் தேவையில்லை.

ஏன் இப்படிச் செய்தார்கள்? 1951 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் 100 பேருக்கு 18 பேருக்குத்தான் எழுத்து வாசனை. மற்ற 82 பேரும் ஓட்டுப் போட்டாக வேண்டுமே! எழுத்துத் தெரியாதவர்களுக்கு மாடு தெரியும், மரம் தெரியும் என்று தேர்தல் கமிஷன் சரியாகவே யோசித்தது. பெட்டியையே தெய்வமாக நினைத்துக் கும்பிட்டவர்களும் நாட்டில் உண்டு. எண்ணுவதற்குத் திறந்தபோது சில பெட்டிகளில் பூவும் காசும் மனுக்களும் கிடைத்தன என்பது அந்தத் தேர்தலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் வேடிக்கைகளில் ஒன்று. எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. சர்க்காருக்கு நேராக ஒரு விண்ணப்பம் போட அவர்களுக்குக் கிடைத்த முதல் துவாரம் அதுதானே.

1962-இல் இங்கே ஒரே பெட்டி, ஒரே சீட்டு, முத்திரை குத்தும் முறை வந்தது. 2001 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் மின்னணு இயந்திரம். ஆனால் தபால் ஓட்டு மட்டும் இன்னும் காகிதம்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் இந்தக் காகிதம் திரும்ப வரும்.

மலை உனக்கு, வயல் எனக்கு

1953 டிசம்பரில் மத்திய சர்க்கார் ராஜ்யச் சீரமைப்புக் கமிஷனை நியமித்தது. பஸல் அலி தலைவர், எச். என். குன்ஸ்ரு, கே. எம். பணிக்கர் அங்கத்தினர்கள். எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்று தீர்மானிக்கும் பெரும் பொறுப்பு இந்த மூவர் கையில் இருந்தது.

அடுத்த வருஷம் தெற்கே ரத்தம் சிந்திற்று. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று கேட்டவர்கள் உயிரை விட்டார்கள். அப்போது திருவனந்தபுரத்தில் பட்டம் தாணு பிள்ளை முதன்மந்திரி. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அவருடைய மந்திரிசபை கவிழ்ந்தது.

1955 செப்டம்பர் 30-இல் கமிஷன் அறிக்கை கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து தாலுகாக்களும் சென்னைக்குச் சேர வேண்டும் என்றது. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்காது என்றும் சொல்லிவிட்டது. செங்கோட்டைக்கு ஆனந்தம்தான். ஆனால் ஆனந்தம் முழுசாக நிலைக்கவில்லை. சட்டமாகி வந்தபோது செங்கோட்டைத் தாலுகா இரண்டாகப் பிளந்துவிட்டது. ஊரும் வயலுமாக இருந்த கீழ்ப்பகுதி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. ஆரியங்காவு உள்பட மலையும் காடுமாக இருந்த மேல்பகுதி கேரளத்தில் தங்கிவிட்டது.

மாமியாரும் மருமகளும் தனிக்குடித்தனம் போகும்போது பாத்திரத்தைப் பங்கு போடுவதுபோல, ஒரு தாலுகாவைப் பங்கு போட்டார்கள். கீழே நெல் விளையும் நிலம். மேலே அந்த நிலத்துக்கு மழையை இறக்கித் தரும் காடு. இரண்டையும் பிரித்ததைப் பற்றி எல்லைப் போராட்டத்தில் ஈடுபட்டவர்களுக்கு மனக்குறை இருந்துகொண்டே இருந்தது. அந்தக் குறை நியாயமானதுதான் என்பது என் எண்ணம். ஆனாலும் ரயில் அதைச் சட்டை செய்யவில்லை. 1904-இல் போட்ட கொல்லம் - செங்கோட்டைப் பாதையில் பகவதிபுரத்தைத் தாண்டி, மலையைக் குடைந்த குகைக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஆரியங்காவு. 2018-இல் அதை அகலப் பாதையாக்கி மறுபடி ரயில் விட்டார்கள். ஆரியங்காவு ஐயப்பன் கோயில் திருக்கல்யாணத்துக்கு மதுரைச் சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக இருந்து சீர் கொண்டு போகிற வழக்கமும் நிற்கவில்லை.

1956 நவம்பர் முதல் தேதி இணைப்பு நடந்தது. செங்கோட்டை, திருநெல்வேலி ஜில்லாவுக்கு வந்தது. மற்ற நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி ஜில்லா ஆயின. நாகர்கோவில் விழாவுக்கு முதன்மந்திரி காமராஜ் நேரில் வந்தார். அன்றோடு, திருவனந்தபுரத்துக்கு மெம்பர் அனுப்பிய செங்கோட்டைத் தொகுதி மறைந்தது.

நாலைந்து மாதத்தில் அடுத்த பொதுத் தேர்தல். பழைய ஒரே தாலுகாவில் மேலே ஆரியங்காவுக்காரர்கள் கேரளத்துக்கு ஓட்டுப் போட்டார்கள், ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்டு மந்திரிசபை வந்தது. கீழே செங்கோட்டைக்காரர்கள் சென்னைக்கு ஓட்டுப் போட்டார்கள். காமராஜ் மறுபடி முதன்மந்திரி ஆனார். ஒரு மலை அடிவாரத்துக்கும் மலை உச்சிக்கும் நடுவே இவ்வளவு வித்தியாசம்!

கரையாளர் ஜெயித்த 1957

சென்னை ராஜ்யத்தில் 1957-இல் 205 ஸ்தானங்களில் 151-ஐக் காங்கிரஸ் பிடித்தது. காமராஜரின் செல்வாக்கு உச்சத்தில் இருந்த நேரம். அப்படிப்பட்ட தேர்தலில் தென்காசியில் ஜெயித்தவர் காங்கிரஸ்காரர் அல்லர். சுயேச்சையாக நின்ற கே. சட்டநாத கரையாளர்! செங்கோட்டை வட்டாரத்தில் இணைப்பு இயக்கத்தில் முன்னின்றவர்களில் ஒருவராக அறியப்பட்டவர் அவர். நேற்று வரை அயல் ராஜ்யமாக இருந்த ஊரின் பிரமுகர், தென்காசியின் மெம்பராகச் சென்னை போனார். எல்லை அழிந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

1962-இல் காங்கிரஸ் தொகுதியைத் திரும்பப் பெற்றது. ஏ. ஆர். சுப்பையா முதலியார் ஜெயித்தார். கரையாளர் என்ற பெயர் அதோடு போய்விடவில்லை. 1977-இலும் 1980-இலும் தென்காசியிலிருந்து சட்டசபைக்குப் போனவர்கள் கரையாளர்களே.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1984-இல் காங்கிரசின் டி. ஆர். வெங்கடரமணன். 1989-இல் கூட்டணி இல்லாமல் தனியாக நின்ற காங்கிரஸ் தமிழ்நாடு முழுவதும் 26 இடங்களே பெற்றது. அந்த 26-இல் தென்காசி ஒன்று. எஸ். பீட்டர் அல்போன்ஸ் ஜெயித்தார், 1991-இலும் அவரே. 1996-இல் மூப்பனாரின் சைக்கிள் ஓடிய வருஷம், தமிழ் மாநிலக் காங்கிரசின் கே. ரவி அருணன். 2001-இல் அ.தி.மு.க.வின் கே. அண்ணாமலை. 2006-இல் தி.மு.க.வின் வி. கருப்பசாமி பாண்டியன். 2011-இல் அ.தி.மு.க. அணியில் நின்ற நடிகர் சரத்குமார்.

டில்லிக்குப் போனவர்கள்

சட்டசபைக் கதை இப்படி என்றால், பார்லிமெண்டுக் கதை வேறு மாதிரி. முதல் பொதுத் தேர்தலில் இந்தப் பக்கத்துக்குச் சங்கரநயினார்கோவில் என்ற பெயரில் பார்லிமெண்டுத் தொகுதி இருந்தது. எம். சங்கரபாண்டியன் என்ற காங்கிரஸ்காரர் ஜெயித்தார். 1957-இல் தென்காசி என்ற பெயரில் தொகுதி வந்தது. அவரே மறுபடி ஜெயித்தார்.

1967-ஐ யாரும் மறக்க முடியாது. தமிழகத்தில் காங்கிரஸ் கோட்டைகள் எல்லாம் சரிந்த வருஷம் அது. பார்லிமெண்டுக்கு தி.மு.க. 25 இடங்களைப் பிடித்தது. காங்கிரசுக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று. அவற்றில் ஒன்று தென்காசி, ஜெயித்தவர் ஆர். எஸ். ஆறுமுகம். இன்னொன்று நாகர்கோவில். அங்கே ஜெயித்தவர் யார் தெரியுமா? எல்லைப் போராட்டத் தலைவர் நேசமணியேதான். மறு வருஷம் அவர் காலமானார். 1969-இல் நடந்த இடைத் தேர்தலில் அந்த ஸ்தானத்துக்கு நின்று ஜெயித்தவர் காமராஜ்.

தென்காசி பல பத்தாண்டுகளாகப் பட்டியல் வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. 1977 முதல் எம். அருணாசலம் என்ற ஒரே மனிதர் இங்கே ஆறு தேர்தல்களில் தொடர்ந்து வெற்றி பெற்றார். 1977, 1980, 1984, 1989, 1991 ஆகிய ஐந்திலும் காங்கிரஸ். 1996-இல் தமிழ் மாநிலக் காங்கிரஸ். கட்சி மாறியும் தொகுதி அவரைக் கைவிடவில்லை. தேவ கவுடா, குஜ்ரால் மந்திரிசபைகளில் மத்திய மந்திரியாகவும் இருந்தார். 1998-இல்தான் தோல்வியைப் பார்த்தார். அ.தி.மு.க.வின் எஸ். முருகேசன் அவரைத் தோற்கடித்தார். 2004-இல் அருணாசலம் காலமானார்.

இருபத்தொரு வருஷம் ஒருவரையே அனுப்பிய தொகுதி, அதற்குப் பிறகு மனம் மாறிக்கொண்டே இருந்தது. 1999-இல் மறுபடி முருகேசன். 2004-இல் எம். அப்பாதுரை, 2009-இல் பி. லிங்கம், இருவரும் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி. 2014-இல் அ.தி.மு.க.வின் வசந்தி முருகேசன். தென்காசி டில்லிக்கு அனுப்பிய முதல் பெண்மணி. 2019-இல் தி.மு.க.வின் தனுஷ் எம். குமார். 2024-இல் அதே கட்சியின் டாக்டர் ராணி ஸ்ரீகுமார்.

2008-இல் தொகுதிகளைத் திருத்தி அமைத்த பிறகு, தென்காசிப் பார்லிமெண்டுத் தொகுதியில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்தன. அவை விருதுநகர் மாவட்டம். பக்கத்திலே இருக்கிற ஆலங்குளம் திருநெல்வேலித் தொகுதிக்குப் போயிற்று. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது ஆலங்குளம் தென்காசி மாவட்டத்துக்கு வந்தது. ஆனால் பார்லிமெண்டு ஓட்டு மட்டும் திருநெல்வேலிக்குத்தான். செங்கோட்டையோ இந்தத் திருத்தத்தில் கடையநல்லூர்ச் சட்டசபைத் தொகுதியில் அடங்கியது. வரைபடத்தில் கோடு போடுகிறவர்களுக்கும் இந்தச் சீமைக்கும் ஏதோ பூர்வஜன்மப் பகை போலும்!

462-ம் 370-ம்

இனி, இந்தத் தொகுதியில் இரண்டு பேர் இரண்டு தடவை மோதிய கதை.

2016 சட்டசபைத் தேர்தல். தென்காசியில் அ.தி.மு.க. சார்பில் எஸ். செல்வமோகன்தாஸ் பாண்டியன், காங்கிரஸ் சார்பில் எஸ். பழனி நாடார். ஓட்டு எண்ணிக்கை முடிந்தபோது முன்னவருக்கு 86,339. பின்னவருக்கு 85,877. வித்தியாசம் 462 ஓட்டு. பழனி நாடார் தோற்றார்.

ஐந்து வருஷம் கழிந்தது. 2021-இல் அதே தென்காசி, அதே இருவர். இந்தத் தடவை பழனி நாடாருக்கு 89,315. செல்வமோகன்தாஸ் பாண்டியனுக்கு 88,945. வித்தியாசம் 370!

லட்சக்கணக்கான பேர் ஓட்டுப் போட்ட இடத்தில் 370 என்பது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து 186 பேர் மறு பக்கம் சாய்ந்திருந்தால் முடிவு தலைகீழ். 186 பேர் என்றால் நான்கு பஸ் ஜனம். கல்யாண வீட்டில் முதல் பந்தியும் இரண்டாம் பந்தியும் சேர்ந்த கூட்டம்கூட இல்லை. "நான் ஒருத்தி போடாவிட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று அடுக்களையை விட்டு எழுந்திருக்காத பெண்மணிகள் எத்தனை பேர், மழைத் தூற்றலைக் கண்டு திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்ட தாத்தாக்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

தோற்றவர் சும்மா இருக்கவில்லை. தபால் ஓட்டுகளை எண்ணியதில் முறைகேடு நடந்தது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டார். இயந்திரத்தில் பதிவான ஓட்டுகளைப் பற்றி இந்தத் தகராறு எழவில்லை, காகிதத்தைப் பற்றித்தான். வழக்கு நடந்தது. தபால் ஓட்டுகளை மறுபடி எண்ண வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

2023 ஜூலையில், தேர்தல் முடிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, பூட்டி வைத்திருந்த அந்தச் சீட்டுகளைத் தென்காசியில் வெளியே எடுத்தார்கள். இரு தரப்பின் ஏஜெண்டுகளும் பார்த்திருக்க, ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார்கள். பழனி நாடாரின் வெற்றி உறுதியாயிற்று.